தர்ப்பூசணி காத்திருக்காது

ஊருக்கெல்லாம் சிஸ்டராகவும் எனக்கு மட்டும் மனைவியாகவும் இருப்பவளுக்கு,

பேருந்து கிளம்பும்போது ஜன்னல் வழியாக நீ ஒரு கேள்வி கேட்டாய். "நான் இல்லாம நீங்க என்னதான் பண்ணுவீங்க?" காலமெல்லாம் வகுப்பில் கேள்வி கேட்டே பழகியவனுக்குச் சட்டென்று விடை சொல்ல வரவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அதற்குள் பேருந்து திரும்பிவிட்டது. யோசித்து முடிக்க இவ்வளவு நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். உன் ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டுவரும் வண்டியின் ஓட்டுநர் கையில், செய்தித்தாள் சுற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறேனே ஒரு புட்டி, அதுதான் விடை. அதை இப்போதே திறக்காதே. முதலில் கடிதத்தைப் படி.

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நான் பாதி வாக்கியம் பேசுவதற்குள் மீதிப் பாதியை நீயே பேசிவிடுகிறாய். அது பெரும்பாலும் நான் சொல்ல வந்ததாக இருப்பதில்லை. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

இங்கே எல்லாரும் சுகம். உன் ரோஜா பிழைத்துக்கொண்டது. என் முழங்கால் படியேறும்போது மட்டும் முணுமுணுக்கிறது. மாடியில் உன் தங்கையின் தையல் மெஷின் சத்தம் கேட்டுத்தான் எனக்குப் பொழுது விடிகிறது. அவள் நாக்கும் ஊசியும் துருப்பிடிக்காமல் இருக்கின்றன.

போன வாரம் நீ ஃபோனில் சொன்னதற்கு வருகிறேன். படகேறிப் போகவேண்டிய அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை முழுக்க உன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்படி கண்காணிப்பாளர் கேட்கிறார், இன்னும் மூன்று வருடம் இருக்கவேண்டி வரும், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம் என்றாய். "வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். உங்கள இப்படியே விட்டுட முடியுமா?" என்றும் சொன்னாய். நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். உண்மை என்னவென்றால், அந்த நேரத்தில் என் வாய் நிறையத் தர்ப்பூசணி ஒயின் இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தீர்மானித்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நீ போன புதிதில் நான் இருந்த இருப்பை உன் தங்கை உனக்குச் சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பால் பாத்திரத்தைக் கருக்கினேன். ரொட்டியையே மூன்று வேளையும் தின்றேன். மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். குழாய் ரிப்பேர் செய்ய வந்த பிளம்பர்தான் கையைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டார். எல்லாம் உண்மை, ஆனால் எல்லாம் பழைய செய்தி. பழைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு இன்று குடை எடுத்துப் போவதா வேண்டாமா என்று யாராவது தீர்மானிப்பார்களா? நீ அதைத்தான் செய்யப் பார்க்கிறாய்.

தெருமுனையில் தர்ப்பூசணி வண்டி நின்றது நினைவிருக்கிறதா? பருவம் முடியும் நேரம். ஒரு பழம் வாங்கப் போனேன். வண்டிக்காரர் கூடவே மூன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நாளைக்கு எப்படியும் குப்பைக்குப் போகிறவை, எடுத்துக்கொண்டு போங்கள் சார் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் பார்த்தேன். தர்ப்பூசணியை ஒற்றை ஆள் தின்று தீர்க்க முடியாது. அது குடும்பத்துக்கென்றே செய்த பழம். பாதியைத் தின்பதற்குள் மீதிப் பாதி கெட்டுவிடும்.

அப்போதுதான் எட்டாம் வகுப்புப் பாடம் ஞாபகம் வந்தது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும், கரியமிலவாயு வெளியேறும், மீதி மதுவாகும். வருடா வருடம் பலகையில் படம் வரைந்து, குமிழிகளைக் கலர் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு குமிழியைக்கூடக் கண்ணால் பார்த்தது கிடையாது. நீச்சல் தெரியாதவன் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுத்த கதைதான். சரி, இறங்கிப் பார்ப்போம் என்று தோன்றியது.

உன் தங்கையிடம் வடிகட்டத் துணி கேட்டேன். எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அத்தான், அதுல தண்ணியத் தவிர என்ன இருக்கு? தண்ணிய ஊறப்போட்டா பாசிதான் பிடிக்கும்" என்றாள். வாத்தியார் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார் என்று தெருவில் பேச்சாகிவிடும் என்றும் பயமுறுத்தினாள். காய்ச்சுவது வேறு, புளிக்கவைப்பது வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் மெஷினை வேகமாக மிதித்து என் குரலை மூடிவிட்டாள். அவள் கூடையிலிருந்து வெள்ளையாக ஒரு துண்டை நானே எடுத்துக்கொண்டு வந்தேன். அது யாருக்கோ வெட்டி வைத்திருந்த ரவிக்கைக் கை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாளின் ரவிக்கையில் இடது கை இன்னும் லேசான சிவப்பாகத்தான் இருக்கிறதாம்.

முதல் முயற்சியில் நான் செய்த தவறை என்னைப் போன்ற ஒருவனால்தான் செய்ய முடியும். பழத்தை வெட்டி, வெள்ளைப் பகுதி சேராமல் சிவப்புச் சதையை மட்டும் வழித்து, விதை நீக்கி, பிசைந்து, வடிகட்டி, வாளியில் ஊற்றிச் சர்க்கரையும் கரைத்துவிட்டேன். அதுவரை எல்லாம் சரி. பிறகு பொறுமையாக இருந்தேன். சாறு ஒரு நாள் அடங்கட்டும், நாளைக்குக் கடைக்குப் போய் ஈஸ்ட் வாங்கிவந்து, அதை நிதானமாகக் கரைத்து ஊற்றலாம் என்று நினைத்தேன். மந்தமான மாணவனுக்கு அவகாசம் கொடுத்தே பெயர் வாங்கியவன் அல்லவா நான்? ஆனால் தர்ப்பூசணி மந்தமான மாணவன் கிடையாது. ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடுகிற ரகம். அதில் புளிப்பு மிகக் குறைவு, நீர் அதிகம். ஈஸ்ட் வந்து சேர்வதற்குள் ஊரில் உள்ள கிருமியெல்லாம் வந்து குடியேறிவிடும்.

மறுநாள் நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் உன் தங்கை வாசலில் நின்றாள். அளவு நாடாவை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"ஏதாவது எலி செத்துக் கெடக்கா, இல்ல நீங்கதானா?" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் உனக்கு ஃபோன் போட்டு, மனுஷன் நாறிப்போய்க் கிடக்கிறார், நீ வந்துவிடு அக்கா என்று சொன்னது. வாளியைத்தான் சொன்னாள் என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாவது முறை எலுமிச்சைச் சாறு சேர்த்தேன். ஈஸ்டையும் அன்றே வாங்கி வைத்திருந்தேன். ஆனால் அதைக் காய்ந்த தூளாகவே சாற்றின்மேல் தூவினேன். அது தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, வேலையைத் தொடங்குவதற்குள் மறுபடியும் அதே நாற்றம். வாளியை வாசலில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிடலாம் என்றே நினைத்தேன்.

அப்போது நினைவில் உன் குரல் கேட்டது. பல வருடம் முன்னால், நம் பழைய வீட்டுப் பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில், உனக்குச் சாப்பாடு கொடுக்க வந்த நான் வராந்தாவில் நின்றிருந்தேன். நீ உள்ளே உதவியாளரைத் திட்டிக்கொண்டிருந்தாய். "வலி வந்தப்புறமா வெந்நீர் வைப்பாங்க? அவ வாசல்ல கால வைக்கறப்பவே எல்லாம் தயாரா இருக்கணும்." வாளியைத் தேய்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

எதையெல்லாம் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன் பார். பழத்தை வெட்டிவிட்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை பழத்தைத் தொடவே இல்லை. முதலில் எல்லாப் பாத்திரத்தையும் வெந்நீரில் கொதிக்கவிட்டேன். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டு ஈஸ்டை எழுப்பினேன். அது ஜாடியின் கழுத்துவரை நுரைத்து, எங்கே வேலை, எங்கே வேலை என்று கேட்கும்வரை காத்திருந்தேன். உலர்திராட்சையை நறுக்கி வைத்தேன், அது சாற்றுக்குக் கொஞ்சம் கனம் கொடுக்கும். துவர்ப்புக்குப் பால் சேர்க்காத கடுந்தேநீர் ஒரு கோப்பை. தொட்டியில் குளிர்ந்த நீர், வாளி சூடேறாமல் சுற்ற ஈரச் சாக்கு. துணி, கரண்டி, புனல் எல்லாவற்றையும் சுத்தமான துண்டின்மேல் வரிசையாகப் பரப்பினேன், நீ உன் தட்டில் கத்தரிக்கோலையும் நூலையும் அடுக்குவாயே, அதே மாதிரி.

உன் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குப் பிரசவம்?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தேன். வெட்டினேன், பிசைந்தேன், வடிகட்டினேன், துள்ளிக்கொண்டிருந்த ஈஸ்டின்மேல் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அது குடித்தது. மாலைக்குள் வாளியில் சத்தம் கேட்டது. காதை வைத்தால் தூரத்தில் தகரக்கூரைமேல் தூறல் விழுவதுபோல் இருந்தது. முழங்காலை மறந்து மாடிக்கு ஓடினேன். அவள் வாயில் குண்டூசிகளோடு இறங்கிவந்து, குனிந்து, வெகுநேரம் கேட்டாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "உசுரோடதான் இருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொன்னது வாளியைத்தான். ஆனால் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அதன்பிறகு என் நாள் மாறிப்போனது. காலையும் மாலையும் கிளறவேண்டும், ஆகவே எழுந்திருக்கவேண்டும். சாக்கை நனைக்கவேண்டும், ஆகவே மதியத்தில் தூங்கக்கூடாது. பக்கத்தில் புளித்த பால், அழுகிய காய் எதுவும் இருக்கக்கூடாது, ஆகவே அடுப்படியைத் துடைத்தேன். ஒயினுக்காகத் துடைத்த அடுப்படி அவ்வளவு பளிச்சென்று இருக்கும்போது சமைக்காமல் இருக்க மனம் வரவில்லை. முதலில் சோறு குழைந்தது. பிறகு குழையவில்லை. இப்போது காய் பொரியல் செய்கிறேன், முட்டைக் குழம்பு வைக்கிறேன். உன் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டோடு இறங்கி வருகிறாள். உப்புக் கம்மி என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை போட்டுக்கொள்கிறாள். பாத்திரம் கழுவும்போது பழக்கத்தில் இரண்டு டம்ளர் கழுவிவிடுகிறேன். ஒன்று அழுக்காவதே இல்லை. பரவாயில்லை, கழுவுவது இப்போது எனக்குப் பிடித்த வேலை.

நுரை அடங்கியதும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றவேண்டும். பிளம்பரிடம் மெல்லிய குழாய் கேட்டேன். அவரே வந்து ஜாடியின் மூடியில் துளை போட்டு, குழாயைப் பொருத்தி, மறுமுனையைத் தண்ணீர்ப் புட்டியில் விட்டுக் கொடுத்தார். காற்று வெளியே போகும், உள்ளே வராது. அந்தத் தண்ணீரில் குமிழி வந்ததே, அதைப் பார்க்க நீ இங்கே இருந்திருக்கவேண்டும். இத்தனை வருடம் சாக்பீஸால் வரைந்தது கண்ணெதிரே ஒவ்வொன்றாக வந்து வெடித்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பிளம்பரும் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். டிவியைவிட நன்றாக இருக்கிறது சார் என்றார்.

நடுவில் இரண்டு பயம். ஒன்று, நிறம். அழகான சிவப்பாக இருந்தது மெல்ல வெளுத்து, பழைய வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. செத்துக்கொண்டிருக்கிறதோ என்று பதறினேன். இல்லை, அதன் சுபாவமே அதுதான். இன்னொன்று, ருசி. அடியில் தங்கிய வண்டலை விட்டுத் தெளிந்ததை மட்டும் வேறு ஜாடிக்கு இறக்கியபோது ஒரு வாய் பார்த்தேன். வெள்ளரிக்காய் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. உன் தங்கையும் நக்கிப் பார்த்துவிட்டு, இதைக் குடித்தால் போதை வராது, பாத்ரூம்தான் வரும் என்றாள். கையோடு புட்டியில் அடைத்துக் கதையை முடியுங்கள் என்று அவசரப்படுத்தினாள். குமிழி நிற்காமல் மூடினால் புட்டி வெடித்துவிடும். இந்த இடத்தில்தான் என் பழைய குணம் கைகொடுத்தது. தொடக்கத்தில் ஒரு நிமிடமும் காத்திருக்கக்கூடாது. தொடங்கிவிட்டால் காத்திருக்க மட்டுமே தெரிந்திருக்கவேண்டும். ஜாடியைத் துணியால் போர்த்தி, மூலையில் வைத்துவிட்டு, மாதக்கணக்கில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதில் என்னை யார் ஜெயிக்க முடியும்?

போன வாரம் நீ கூப்பிட்டபோது முதல் முறையாக ஒரு டம்ளரில் ஊற்றி வாயில் வைத்திருந்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு பழத்தை வெட்டியதும் தோலுக்கு அருகிலிருந்து ஒரு வாசனை வருமே, அது வந்தது. பின்னாலேயே சின்னதாக ஒரு புளிப்பு, நாக்கின் ஓரத்தில் தேநீர்த் துவர்ப்பு. நீ "விட்டுட முடியுமா" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் விழுங்கினேன். தொண்டையைத் தாண்டியதும் நெஞ்சில் விளக்குப் போட்டதுபோல ஒரு சூடு. பேச வாயைத் திறப்பதற்குள் நீ ஃபோனை வைத்துவிட்டாய்.

மறுநாளே ஆளைக் கூட்டினேன். பிளம்பர் வந்தார். தர்ப்பூசணி வண்டிக்காரர் இப்போது அதே வண்டியில் ஆரஞ்சு விற்கிறார், அவரும் வந்தார். குப்பைக்குப் போகவேண்டிய என் பழமா இது என்று டம்ளரை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தெளிவு அப்படி, டம்ளருக்குப் பின்னால் இருந்த காலண்டரின் தேதி படிக்க முடிந்தது. பிளம்பர் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, இதுவரை குழாயில் தண்ணீர் வரவைத்ததற்குத்தான் ஜனங்கள் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள், இனிமேல் இதையும் சேர்த்துச் சொல்வேன் என்றார். குழாய் அவருடையது, பங்கு கேட்க உரிமை உண்டு.

உன் தங்கையும் ஒரு டம்ளர் எடுத்தாள். குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். ஒற்றை விரலால் அதை ஜாடிப் பக்கமாக நகர்த்தினாள். நான் ஊற்றினேன். அதையும் முடித்துவிட்டு, துடைத்து வைத்த அடுப்பையும், கவிழ்த்து வைத்த பாத்திரங்களையும், என்னையும் பார்த்தாள்.

"அத்தான், நீங்க பொழச்சுக்குவீங்க" என்றாள்.

அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று உனக்கே தெரியும். எனக்குப் பள்ளியில் கொடுத்த பிரிவுபசார மாலையைவிட இது கனமாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்தப் பொறுப்பை வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால், அதற்கு வேறு காரணம் தேடிக்கொள். சம்பளம் போதாது என்று சொல். கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல். நான்தான் காரணம் என்று மட்டும் சொல்லாதே. உனக்குச் சாக்காக நிற்கும் அந்த வேலைக்கு நான் இனி வரமாட்டேன். இத்தனை காலம் யாரோ ஒருவருக்குக் கீழே நின்று, அவர்கள் கைநடுங்கிய இடங்களில் எல்லாம் உன் கையைக் கொடுத்தாய். இப்போது பெண்கள் படகேறி வந்து, அந்த சிஸ்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள் என்று நீயே சொன்னாய். சொன்னபோது உன் குரல் இருபத்தைந்து வயதுக் குரலாக இருந்தது. அந்தக் குரலை நான் இங்கே கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குப் பால் காய்ச்சச் சொல்லவா?

பள்ளி விடுமுறைகளுக்குக் காத்திருக்கவேண்டிய வாழ்க்கை எனக்கு முடிந்துவிட்டது. நினைத்தபோது படகேறி வருவேன். பையில் புட்டிகள் இருக்கும், படகுத்துறைப் பரிசோதகரிடம் நீ வந்து பேசவேண்டியிருக்கும். அடுத்த பருவத்துக்கு இரண்டு மடங்கு பழம் தருவதாக வண்டிக்காரர் சொல்லியிருக்கிறார். உன் தங்கை இந்த முறை ரவிக்கைக் கையைக் கொடுக்காமல், நாலு மூலையும் மடித்துத் தைத்த வடிகட்டும் துணியே தயாராக வைத்திருக்கிறாள். எங்களுக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது. நீ வந்து நின்றால் இடைஞ்சல்தான்.

புட்டியைத் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் வைக்காதே, கண்காணிப்பாளர் பார்த்தால் வேலையே போய்விடும். மண்பானை கிடைத்தால் அதில் தண்ணீர் ஊற்றி உள்ளே நிறுத்து. ட்யூட்டி முடிந்த பிறகு மட்டும் குடி. கொஞ்சமாக ஊற்று. எனக்கும் சேர்த்து ஊற்ற வேண்டாம், என் பங்கு இங்கே ஜாடியில் இருக்கிறது.

உன் கைபட்டுப் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் நன்றாக அழட்டும். நீ நன்றாகச் சிரி. நேரத்துக்குச் சாப்பிடு, இதைச் சொல்லும் தகுதி இப்போது எனக்கு வந்திருக்கிறது.

என்றும் உன்னுடையவன்,
ஓய்வுபெற்ற வாத்தியார், ஓய்வில்லாத ஒயின்காரன்

பி.கு.: நாளைக் காலை கண்காணிப்பாளர் அறைக்குப் போ. நாற்காலியைக் காட்டுவார், உட்காராதே. உட்கார்ந்தால் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய். நின்றபடியே "சரி" என்று ஒரு சொல் சொல்லிப் பார்.